மருந்தைச் சோதித்த கதை – 7: இரண்டு வெள்ளைப் பொடிகள்

நீர்க்கடுப்பு ஒருமுறை வந்தாலே உயிர் போய்விடும். சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு இறங்கும். எழுந்து வந்த மறு நிமிடமே மறுபடி முட்டும். சில பெண்களுக்கு ஆறு மாதத்தில் இரண்டு முறை, ஓராண்டில் மூன்று முறை என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக். நாளடைவில் கிருமி அந்த மாத்திரைக்கு அடங்க மறுக்கிறது. வேறு வழி தேடிய பலரின் கைக்கு வந்ததுதான் டி-மேன்னோஸ் என்ற வெள்ளைப் பொடி.

அது ஒருவகைச் சர்க்கரை. இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை கிருமியின் மேல் மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு. அவற்றின் நுனியிலுள்ள புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் மேன்னோஸைப் பற்றிக்கொள்ளும். பிடி கிடைத்துவிட்டால் சிறுநீரோடு கிருமி அடித்துச் செல்லப்படாது. சிறுநீரிலேயே மேன்னோஸ் மிதந்தால்? சுவருக்குப் பதில் அதைப் பிடித்துக்கொண்டு கிருமி வெளியேறிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கேட்டதுமே நம்பத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது.

2014இல் வெளியான குரோஷிய ஆய்வு அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டியது. 308 பெண்கள், மூன்று குழுக்கள். ஆறு மாதத்தில், எதுவும் எடுக்காத குழுவில் சுமார் 60 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்பியது. தினமும் 2 கிராம் பொடி எடுத்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கே திரும்பியது. ஆனால், தாங்கள் பொடி சாப்பிடுகிறோமா இல்லையா என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். இலேசாகக் கடுக்கும்போது ‘பொடிதான் சாப்பிடுகிறோமே, சரியாகிவிடும்’ என்று ஒருத்தி பொறுத்திருப்பாள். ‘நமக்குத்தான் ஒன்றும் தரவில்லையே’ என்று இன்னொருத்தி மருத்துவரிடம் ஓடுவாள். வலியைச் சொல்லுவதில் மனமும் கலந்திருக்கிறது. அது பெண்களின் குற்றமல்ல. சோதனையை வடிவமைப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கெயில் ஹேவர்டு குழுவினர் அதைப் பார்த்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 99 குடும்ப மருத்துவர் நிலையங்கள் வழியாக 598 பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு தினமும் 2 கிராம் டி-மேன்னோஸ். மீதிப் பேருக்கு அதே அளவு ஃபிரக்டோஸ். அதுவும் இனிக்கும் வெள்ளைப் பொடிதான். யாருக்கு எது என்று பெண்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. ஆறு மாதம்.

முடிவு 2024 ஏப்ரலில் வெளியானது. டி-மேன்னோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் தொற்று அறிகுறிகளோடு மருத்துவ உதவியை நாடினார்கள். ஃபிரக்டோஸ் எடுத்தவர்களில் 55.7 சதவீதம் பேர். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. அறிகுறி நீடித்த நாட்களிலும் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டதிலும்கூடச் சொல்லும்படியான மாற்றமில்லை.

மாதாமாதம் கைக்காசைப் போட்டு இந்தப் பொடியை வாங்கும் பெண்ணுக்கு இந்த எண்களைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பல்கேரியாவில் 140 பெண்களிடம் இன்னொன்றைச் சோதித்தார்கள். குறைவாகத் தண்ணீர் குடித்துவந்தவர்களில் பாதிப் பேர் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும் மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. தண்ணீருக்குப் போலி ஏது? யார் கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்பதை மறைக்க முடியாத இந்தச் சோதனையை எப்படி நம்புவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)