கொட்டகையில் தூங்கும் மோட்டார் கார்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பழைய வீடுகளில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு கார் ஷெட் இருப்பதுண்டு. வீடு கைமாறும்போது திறந்து பார்த்தால், வைக்கோலுக்கும் உடைந்த கட்டிலுக்கும் அடியில் ஒரு பழங்காலக் கார் கிடக்கலாம். காயலான் கடைக்காரர் எடைக்கு விலை பேசுவார். உடனே தலையாட்டிவிட வேண்டாம்.

கல்கத்தாவில் மாத்யூசன் என்ற ஆங்கிலேயச் சீமான் 1910-ல் அன்னப்பறவை வடிவில் ஒரு காரை இங்கிலாந்தில் செய்வித்து வரவழைத்தார். அதன் அலகு வெந்நீர் பீய்ச்சும்! ஜனங்கள் மிரண்டதால் போலீசார் தெருவில் ஓட்டத் தடை போட்டனர். பிறகு நாபா மகாராஜாவிடம் போன அந்தக் கார் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1991-ல் ஹாலந்தின் லௌமன் மியூசியம் அதை வாங்கிச் செப்பனிட்டது. நம் ஊர்த் தெருவில் ஓடிய காரைப் பார்க்க இன்று ஹேக் நகருக்குப் போகவேண்டும்!

கார்கள் ஏன் இப்படி முடங்கின? இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பின்னர் சீமைக் கார்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிதாயிற்று. சொந்தக்காரர் காலமானால், பாகம் பிரியும்வரை கார் நின்ற இடத்திலேயே நிற்கும். 1953 வரை சித்தூர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. அக்காலத்து ஆர்.சி. புத்தகம் ஒன்று அகப்பட்டால், அது நம் வட்டாரத்தின் சரித்திரச் சான்று. 1944-ல் திறந்த திருமலை மலைப்பாதையில் ஏறிய காராகவும் அது இருக்கலாமே!

கண்டெடுத்ததும் பளபளவென்று பெயிண்ட் அடிக்கத் தோன்றும். அதுதான் கூடாது. பிரான்சில் ஒரு பண்ணைக் கொட்டகையில் 2014-ல் அகப்பட்ட கார்கள், தூசி படிந்த கோலத்திலேயே மறு ஆண்டு ஏலத்துக்கு வந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளின் அடியில் கிடந்த ஒரு ஃபெராரி மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. கடைசியாக ஓட்டியவர் விட்டுச் சென்றபடியே இருப்பதுதான் இத்தகைய காரின் கவர்ச்சி. புதுப் பெயிண்ட் அதை அழித்துவிடும்.

ராஜாக்களின் கார்தான் வேண்டும் என்பதில்லை. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த காரை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதியலாம். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ கூடாது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், பழைய அம்பாஸடரும்கூட இதில் சேரும்.

இத்தகைய கார்கள் முதலில் படுவது மெக்கானிக்குகள், வீடு இடிக்கும் தொழிலாளர்கள், பத்திரம் எழுதும் குமாஸ்தாக்கள் கண்ணில்தான். பார்த்தவர்கள் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்: ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள், கழன்ற சாமான்களைப் பத்திரப்படுத்துங்கள், விவரம் தெரிந்தவரிடம் காட்டும்வரை விற்காதீர்கள். துண்டு போட்டு எடைக்கு விற்றுவிட்டால், அந்தக் கார் திரும்ப வராது.