பூஞ்சை தின்ற மாமல்லபுரம்!

குட்டீஸ்... உங்கள் தாத்தா வீட்டுப் பரணில், இரண்டு அங்குலச் சதுரத்தில், அட்டைச் சட்டம் போட்ட குட்டிப் படங்கள் இருக்கின்றனவா? வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், உள்ளே கலர் கலராக ஆட்கள் தெரிவர். அது தான், 'ஸ்லைடு!'

நான் ஆசிரியராக இருந்தபோது, 1988ல் மாணவர்களை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். இரவல் கேமராவில், 36 ஸ்லைடுகள் எடுத்தேன். பிறகு, வகுப்பறை ஜன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கி, புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில், கடற்கரைக் கோவில் பளிச்சென்று எழுந்தபோது, பிள்ளைகள் போட்ட கூச்சல், இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் என்ன... பெட்டியைப் பரணில் ஏற்றியவன், மறந்தே போனேன். சமீபத்தில், பொத்தேரிக்கு வந்திருந்த பேத்தி தான் அதை இறக்கினாள். திறந்து பார்த்தால், 11 ஸ்லைடுகளில் பூஞ்சை!

ஸ்லைடில் படம் இருப்பது, ஜெலட்டின் என்ற மெல்லிய படலத்தில். மாட்டின் எலும்பு, தோலில் இருந்து எடுப்பது அது. பூஞ்சைக்கு விருந்துச் சாப்பாடு. நம் பக்கத்து ஈரக் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா!

நெகட்டிவ் இருந்தால், எத்தனை பிரின்ட் வேண்டுமானாலும் போடலாம். ஸ்லைடுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிமைக் கழுவி, வெட்டி, சட்டம் போட்டுத் தருவர். அது போனால், போனது தான். 1935ல் வந்த, 'கோடாக்ரோம்' என்ற புகழ்பெற்ற ஸ்லைடு பிலிமைத் தயாரிப்பதை, 2009ல் நிறுத்தினர். அதைக் கழுவிக் கொடுத்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாசில் இருந்தது. 2010 டிசம்பர் 30க்குப் பின், அங்கும் வாங்கவில்லை.

மிச்சம், 25 ஸ்லைடுகளையாவது காப்பாற்ற, ஸ்மார்ட்போனுடன் உட்கார்ந்தோம். டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை வரவழைத்து, அதன்மேல் ஸ்லைடை வைத்து, 'க்ளிக்' செய்தாள் பேத்தி. படம் முழுக்கக் கொசு வலை போலப் புள்ளிகள்! அவை, திரையில் உள்ள ஒளிப் புள்ளிகள். ஸ்லைடைத் திரையில் ஒட்டி வைக்கக் கூடாது.

இரண்டு தீப்பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் சதுர ஓட்டை வெட்டிய கறுப்பு அட்டையைப் பாலம் போல வைத்தோம். ஓட்டையின் மேல் ஸ்லைடு. இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் போனைக் கிடத்தினோம். ரொம்ப நெருங்கினால், போனுக்குப் பார்வை மங்கி விடும். கொஞ்சம் உயரத்தில் வைத்து, இரண்டு மடங்கு, 'ஜூம்' செய்ய வேண்டும். அறை விளக்கு, பிளாஷ் இரண்டும் அணைந்திருக்கட்டும். திரையை மஞ்சளாக்கும் இரவு வசதியையும் நிறுத்தி விடுங்கள். கை பட்டாலே படம் அசையும் என்பதால், மூன்று வினாடி, 'டைமர்' போட்டோம்.

தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் பந்து போன்ற ஊதி, கேமரா கடைகளில் கிடைக்கும். ஸ்லைடின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நான் அவசரத்தில் ஒன்றை வேட்டி நுனியால் துடைத்து, கீறல் போட்டு, பேத்தியிடம் திட்டு வாங்கினேன்!

ஒரு படத்தில், கடைப் பெயர்ப் பலகை இடம், வலம் மாறி இருந்தது. ஸ்லைடைத் திருப்பிப் போட்டதும், எழுத்து நேரானது.

இன்னொன்றில், கோவில் அருகே வெறும் மணல். 2004 டிசம்பர் 26 சுனாமி, அங்கே மணலை அரித்து, சிற்பம் செதுக்கிய பாறைகளை வெளிக்காட்டியது. அதற்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது என்பதை, இனி யாராலும் புதிதாகப் படம் எடுக்க முடியாதே!

இதையே பெரிய அளவில் செய்கிறவர்களும் உண்டு. 1955ல் துவங்கிய, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்மாநிலக் கோவில்களின் லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைச் சேர்த்து வைத்து, அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியுள்ளது. தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களையும், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் பதிவு செய்தது.

எங்கள் படங்களுக்கு, 'ஸ்லைடு1, ஸ்லைடு2' என்று பெயர் வைத்தாள் பேத்தி. 'ஆண்டு, இடம், ஆட்களின் பெயர் எழுது...' என்றேன். பென்டிரைவில் ஒரு பிரதி, அவள் அம்மாவின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி.

கடைசியாக எடுத்தது, அர்ஜுனன் தபசு முன், வகுப்பே வரிசையாக நிற்கும் படம். இடது ஓரத்தில், சிலந்தி வலை போல வெண்பூஞ்சை. மூன்று பிள்ளைகளின் முகங்களைக் காணோம். எத்தனை வெளிச்சம் கொடுத்துப் பார்த்தும் வரவில்லை. பெயர்கள் எனக்கு நினைவில் இருந்தன. சொல்லச் சொல்ல, பேத்தி எழுதிக் கொண்டாள்.