கரண்டு போனால் கை கொடுப்பது எது? முசிறி மக்களுக்கு 'கஜா' சொல்லும் பாடம்!

முசிறி,

லைட் எரியவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. செல்போன் செத்துக் கிடக்கிறது. ரோட்டில் மரம் விழுந்து பஸ்சும் ஓடவில்லை.

ஒரு ராத்திரிக்கு என்றால் சமாளித்து விடலாம். 2 வாரத்துக்கு இப்படி இருந்தால்?

இது கதை அல்ல, நிஜம். 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த 'கஜா' புயல், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

"அது கடலோரத்துக்காரங்க கஷ்டம், நமக்கென்ன?" என்று முசிறிக்காரர்கள் இருந்துவிட முடியாது. வாசலிலேயே அகண்ட காவிரி ஓடுகிறது. 1924, 1977, 2005 வெள்ளங்களைப் பார்த்த மாவட்டம் இது.

கஜா வந்த அதே 2018-ம் ஆண்டு ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருவானைக்காவலையும் நெ.1 டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் தூண் சரிந்து இடிந்தது. 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரமே வெள்ளத்தில் சாய்ந்து விழுந்தது.

இப்படி ஒரு ஆபத்து வந்தால், ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "டிராக்டர்ல கரண்டு எடுக்கலாம்", "பைக்ல லைட் போடலாம்", "வாழை மரத்துல தெப்பம் கட்டலாம்" என்பார்கள். இதில் எது உதவும்? எது உயிருக்கு உலை வைக்கும்?

முதலில் தண்ணீர்

கஜா அடித்த ஊர்களில் ஜனங்களை அதிகம் வாட்டியது இருட்டு அல்ல, தண்ணீர்தான். வீட்டுக்கு வீடு பணம் வசூல் செய்து, ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். வாடகையோ எக்கச்சக்கம்!

முசிறி, தொட்டியம் பக்கம் டிராக்டருக்குப் பஞ்சம் இல்லை. கதிர் அடிக்கும் மெஷினை ஓட்டுகிற அதே பின்பக்கத் தண்டில் ஒரு ஆல்டர்னேட்டரை மாட்டினால், டிராக்டரே ஜெனரேட்டர் ஆகிவிடும். 45 குதிரைசக்தி டிராக்டர் 5 குதிரைசக்தி மோட்டாரைத் தாராளமாக ஓட்டும்.

கணக்கு இதோ: நிமிடத்துக்கு 250 லிட்டர் ஏற்றும் மோட்டார், 30 ஆயிரம் லிட்டர் தொட்டியை 2 மணி நேரத்தில் நிரப்பும். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்றால், 750 பேருக்கு ஒரு நாள் தண்ணீர்!

பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு மூலையில் போட்ட பழைய ஆயில் என்ஜினும் உதவும். ஆனால் அது ஆற்றிலும் திறந்த கிணற்றிலும்தான் இழுக்கும், அதுவும் சுமார் 25 அடி ஆழம் வரைதான். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய மோட்டாருக்குக் கரண்டு இல்லாமல் வழியில்லை.

சைக்கிள் டைனமோ

பழைய சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் கொடுக்கும். நாலு டயோடும் ஒரு ரெகுலேட்டரும் சேர்த்தால் செல்போன் சார்ஜர் தயார். ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடைக்காரருக்கு இது அரை மணி நேர வேலை.

ஆனால் ஆசைப்பட்டு ஏமாறக்கூடாது. இந்தக் காலத்துப் போன் முழுசாக சார்ஜ் ஏற 7, 8 மணி நேரம் மிதிக்க வேண்டும்! அரை மணி நேரம் மிதித்தால் நாலைந்து வார்த்தை பேசலாம். "நாங்க நல்லா இருக்கோம்" என்று வெளியூர் மகனுக்குச் சொல்ல அது போதும்.

வெளிச்சத்துக்கு டிராக்டர் பேட்டரியே மேல். 12 வோல்ட், 80 ஆம்பியர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும், 5 வாட் எல்.ஈ.டி. பல்பு தினம் 5 மணி நேரம் வீதம் 19 நாள் எரியும். பல்பு மட்டும் 12 வோல்ட் பல்பாக இருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இதைவிடப் பெரிய பேட்டரி இருக்கிறது. அதற்காக வயரை அறுத்துக் கரண்டு எடுக்காதீர்கள். தீப்பிடித்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய ஸ்கூட்டரை சார்ஜில் போடவே கூடாது.

மாடியில் சோலார் இருந்துமா?

"மாடியில சோலார் போட்டிருக்கோம், கரண்டு போனாலும் கவலை இல்ல" என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் இல்லை! மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்டு போனதும் தானே நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் அது இருட்டில் கைகொடுக்கும்.

2017 செப்டம்பரில் 'மரியா' புயல் அடித்த போர்ட்டோ ரிக்கோ தீவில், முழுசாகக் கரண்டு வரக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. அங்கே அட்ஹுந்தாஸ் என்ற மலையூரில், பேட்டரியோடு சோலார் வைத்திருந்த ஒரு மக்கள் மன்றக் கட்டிடத்தில்தான் ஊரே வந்து சார்ஜ் ஏற்றிக் கொண்டது. நம் ஊரிலும் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ அப்படி ஒன்று இருந்தால் போதும்.

லைன்மேன் உயிர்

லைனில் கரண்டு போனதும் சோலார் ஏன் நிற்க வேண்டும்? கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்காக!

ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் செருகினால் வீடெல்லாம் லைட் எரியும். ஆனால் மெயின் சுவிட்சை நிறுத்தாவிட்டால், அந்த 230 வோல்ட் பின்னோக்கி ஓடி டிரான்ஸ்பார்மருக்குப் போகும். அங்கே அது 11 ஆயிரம் வோல்ட் ஆகிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைக்கும் மனிதர் என்ன ஆவார்?

கஜா நேரத்தில் கேரளாவில் இருந்து கூட மின் ஊழியர்கள் வந்து மழையிலும் சேற்றிலும் கம்பம் நட்டார்கள். நமக்கு வெளிச்சம் தர வந்தவர் நம் வீட்டுக் கரண்டால் சாகக் கூடாது. எலெக்ட்ரீஷியனை வைத்து 'சேஞ்ச் ஓவர் சுவிட்ச்' போட்ட பிறகே ஜெனரேட்டரை வீட்டு லைனில் இணைக்க வேண்டும். ஊர்த் தொட்டி மோட்டாருக்கு டிராக்டர் கரண்டு கொடுத்தாலும் இதே விதிதான்.

ஜெனரேட்டரை அறைக்குள் வைப்பதும் ஆபத்து. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

2-ம் உலகப்போர் நாட்களில் பெட்ரோல் இல்லாமல் ஓடிய கரி பஸ்சைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஓடியதும் இதே விஷவாயுவில்தான். யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

பரிசல், தெப்பம், சைக்கிள்

பாலம் வருவதற்கு முன்பு முசிறிக்கும் குளித்தலைக்கும் பரிசல்தான் பாலம். ஆனால் பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. சுழலில் சிக்கினால் பம்பரம்தான். வெள்ளக் காவிரியில் கைதேர்ந்த பரிசல்காரரே யோசிப்பார்.

வாழைத் தெப்பமும் லாரி டியூப்பும் தெருவில் தேங்கிய தண்ணீரில் கிழவிகளையும் குழந்தைகளையும் கரை சேர்க்க உதவும். ஓடும் தண்ணீரில் கூடவே கூடாது. 2 அடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் காரையே புரட்டிவிடும்.

வெள்ளம் வடிந்த பின் ராஜா, சைக்கிள்தான். மரம் விழுந்து கிடந்தால் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டலாம். இரு பக்கமும் குடத்தைக் கட்டினால் தண்ணீர் வண்டி. 2011-ல் ஜப்பானில் பூகம்பம் வந்து ரெயில் நின்றபோது டோக்கியோ ஜனங்கள் சைக்கிள் கடைக்குத்தான் ஓடினார்கள்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

கரண்டும் டவரும் போனால் கியூ.ஆர். அட்டை சுவரில் தொங்கும், காசு வராது. எலெக்ட்ரானிக் தராசும் படுத்துவிடும். பழைய தராசையும் படிக்கல்லையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சில்லறையும் ஒரு கணக்கு நோட்டும் கைவசம் இருக்கட்டும்.

இப்போதே செய்யலாம்

ஐப்பசி மழைக்கு முன் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம் டிராக்டர், யாரிடம் ஆயில் என்ஜின், ஆல்டர்னேட்டர் எங்கே கிடைக்கும், தொட்டி மோட்டாருக்கு எத்தனை குதிரைசக்தி? ஒரு தடவை ஓட்டியும் பாருங்கள்.

கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். அதற்காகவாவது போனில் ஒரு துளி சார்ஜ் மிச்சம் இருக்கட்டும்!