நாலு எல்லை தெரிந்த காணி

தேடல் பெட்டியின் மறுபக்கம் – 6

கணினியின் தேடல் பெட்டியில் எழுதுவது கணினிக்குள்ளேயே நிற்கும் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தோம். வரி அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று தேடுகிறோம். அதில் வெளியாளுக்கு என்ன வேலை? 2012 ஒக்டோபரில் வந்த உபுண்டு 12.10 அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. முகப்புத் தேடலில் எழுதிய சொல் இணையத்துக்கும் போய், அமேசானில் விற்கும் பொருட்களோடு திரும்பி வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். பயனர் கேட்டால் மட்டும் இயங்கும்படி அதை மாற்ற 2016 ஏப்ரல் வரை ஆயிற்று.

இடையில் 2014 ஒக்டோபரில் ஆப்பிளின் யோசமிட்டி வந்தது. அதன் ஸ்பொட்லைட் தேடலில் எழுதும் சொற்களும், கணினி இருக்கும் இடமும் நிறுவனத்துக்குப் போயின. கண்டனம் எழுந்ததும் ஆப்பிள் விளக்கம் தந்தது: நிலையான அடையாள எண் இல்லை, தற்காலிக எண்ணும் 15 நிமிடத்துக்கு மேல் நிற்காது, இடத்தைத் துல்லியமாக அனுப்புவதில்லை. மற்றப் பல நிறுவனங்களை விட ஆப்பிள் கவனமாகத்தான் நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் இந்தத் துறை முழுவதும் திரும்பத் திரும்பத் தரும் சமாதானம் ஒன்றுதான்: உங்கள் பெயர் எங்களிடம் இல்லை, ஆகவே பயப்படாதீர்கள். இந்த வாரம் அந்த ஒரு சமாதானத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2006 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று, ஏறத்தாழ 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களைப் பொதுவில் வைத்தது. மொத்தம் சுமார் 2 கோடி தேடல்கள். பெயர்கள் கிடையாது, ஆளுக்கொரு எண் மட்டும். சில நாட்களுக்குள் நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர்கள் 4417749 என்ற எண்ணுக்குரியவரின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். ஜோர்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த மூத்த பெண்மணி அவர். தன் ஊரில் தோட்டவேலைக்கு ஆள் தேடியிருந்தார். தன் குடும்பப் பெயர் கொண்டவர்களைத் தேடியிருந்தார். கண்ட இடமெல்லாம் சிறுநீர் கழிக்கும் நாயைப் பற்றியும் கேட்டிருந்தார். ஏஓஎல்லின் தொழில்நுட்பத் தலைவர் பதவி விலகினார். தரவைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அதற்குள் உலகமெங்கும் பிரதிகள் போய்விட்டன.

காணி உறுதி ஒன்றில் சொந்தக்காரரின் பெயரை மட்டும் மையால் அடித்துவிட்டு, வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை என்று நாலு எல்லையையும் அப்படியே விட்டால், அது யாருடைய காணி என்று ஊருக்குத் தெரியாமலா போகும்?

இதை லோறென்ஸ்கூக்கில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஒஸ்லோவின் கிழக்கு எல்லையோடு ஒட்டிய, ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் வாழும் நகராட்சி. பெயர் தெரியாத கைத்தொலைபேசி ஒன்று, இரவில் ஸ்கோறெரில் உள்ள ஒரு தொடர்மாடியில் கிடக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆஹூஸ் மருத்துவமனையில் இருக்கிறது. வெள்ளி மாலை அம்மெரூட் சிவசுப்பிரமணியர் ஆலயத்தில். வார இறுதியில் றொம்மனில், தமிழ்ப் பள்ளி நடக்கும் நேரத்தில். இதற்குமேல் பெயர் எதற்கு? ஆலயத்தில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும் எவரைக் கேட்டாலும் ஆளையும் சொல்வார், சொந்த ஊரையும் சொல்வார். பெரும்பான்மைச் சமூகத்தவர் கூட்டத்தில் கரைந்துபோகலாம். நாம் கரைவதில்லை. தனியுரிமை பற்றிய நோர்வேஜிய விவாதங்களில் இந்த வேறுபாட்டை யாரும் அதிகம் பேசுவதாகத் தெரியவில்லை. அதே தொலைபேசியில், அதுவும் தமிழ் எழுத்தில், விவாகரத்து பற்றியோ மன அழுத்தத்துக்கான மருந்து பற்றியோ நள்ளிரவில் தேடியிருந்தால்? குடும்ப மருத்துவரிடம்கூட வாய்விடாத விடயங்களைத்தான் நம் ஆட்கள் அந்தப் பெட்டியில் எழுதுகிறார்கள்.

நான் சொன்ன தொலைபேசி கற்பனை. ஆனால் அப்படிப்பட்ட தரவு விலைக்குக் கிடைத்தது கற்பனையல்ல. 2020 மே மாதம் நோர்வே ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே, பிரித்தானியாவின் தமோக்கோ நிறுவனத்திடம் 35,000 குரோணர் கொடுத்து, நோர்வேயில் இருந்த 1,40,000-க்கும் மேற்பட்ட தொலைபேசிகள், டப்லட்களின் நடமாட்டத்தை வாங்கிக் காட்டியது. அதிலும் பெயர்கள் இல்லை. இரவு தங்குமிடம், பகல் வேலையிடம் இரண்டையும் பொருத்தியதும் ஆட்கள் தெரிந்துவிட்டார்கள். அவர்களுக்குள் படையினர் இருந்தார்கள். பெண்கள் அடைக்கலம் தேடும் நெருக்கடி நிலையங்களுக்குள் போய்வந்த தொலைபேசிகளும் இருந்தன.

இதில் ஈடுபட்ட என்ஆர்கே செய்தியாளர் மார்ட்டின் குண்டர்சன் அதோடு நிற்கவில்லை. ஒரு தொலைபேசியில் பல செயலிகளை ஏற்றித் தன்னோடு கொண்டு திரிந்தார். பிறகு, தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று தரவு நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டார். அமெரிக்க அரச அமைப்புகளுக்குத் தரவு விற்கும் வென்ரெல் என்ற நிறுவனத்திடமிருந்து அவர் இருந்த இடங்களின் 75,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் வந்து சேர்ந்தன. வென்ரெல், கிறேவி அனலிற்றிக்ஸ் நிறுவனத்தின் பிள்ளை. கிறேவியோடு 2023-இல் இணைந்தது யூனாகாஸ்ட். அது நோர்வேஜியர்கள் தொடங்கியது! 2025 ஜனவரியில் கிறேவிக்குள் ஊடுருவித் தரவைத் திருடிவிட்டார்கள் என்று யூனாகாஸ்ட் அறிவிக்க வேண்டியிருந்த இடங்களில் ஒன்று, ஒஸ்லோவில் உள்ள டாட்டாதில்சீனெ, அதாவது தரவுப் பாதுகாப்பு ஆணையம்.

சின்ன நாட்டின் ஆணையம்தான், ஆனால் பல்லில்லாததல்ல. பயனரின் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்கு 2023 ஜூலையில் மெட்டாவுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. மெட்டா பணியாததால் ஓகஸ்ட் 14 முதல் நாளொன்றுக்கு 10 லட்சம் குரோணர் தண்டம். மெட்டா ஒஸ்லோ நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. ஒக்டோபர் இறுதியில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சபை அந்தத் தடையை ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசம் முழுவதற்கும் விரித்தது.

ஆனால் எனக்கு மெட்டாவை விட அதிகம் உறுத்துவது 2025-இல் வந்த சிறிய தண்டம் ஒன்று. துன்பத்தில் இருக்கும் பிள்ளைகள் அழைப்பதற்கான 116111 அவசர உதவியின் இணையத்தளம், அங்கு வருபவர்களைப் பற்றிய தகவலைப் பின்தொடர் கருவிகள் வழியே வெளியாருக்குக் கொடுத்திருந்தது. அதை நடத்தும் கிறிஸ்தியான்சாண்ட் நகராட்சிக்கு 2,50,000 குரோணர் தண்டம். இலாப நோக்கம் எதுவும் இல்லாத இடம். வீட்டில் அடிவாங்கும் பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்தது என்ற ஒரு தகவலுக்குப் பெயர் சேர்ந்திருக்க வேண்டுமா என்ன?

குண்டர்சன் பயன்படுத்திய உரிமை செய்தியாளருக்கு மட்டும் உரியதல்ல. 2018 ஜூலை 20 முதல் நோர்வேயில் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. கட்டணம் இல்லை. எந்த மொழியில் எழுதவேண்டும் என்றோ, எந்தப் படிவம் நிரப்பவேண்டும் என்றோ சட்டம் சொல்லவில்லை. நோர்வேஜிய மொழியில் நாலு வரி மின்னஞ்சல் போதும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் டாட்டாதில்சீனெக்கு முறையிடலாம். முதலில் உங்கள் தொலைபேசியில் காலநிலை பார்க்கும் செயலிக்கு எழுதிப் பாருங்கள்.

(தொடரும்)