வெட்டி வேலை இல்லீங்க... வெட்டுற வேலை! வாழ்த்து அட்டை செய்யும் வாண்டுகள் கத்துக்கறது என்ன?

பொங்கல் வந்தாலே ஒரு காலத்தில் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளை தொங்க விடுவார்கள். கரும்பு, காளை, ரஜினி, கமல்... எது வேண்டுமோ எடுத்துக்கலாம். சிவகாசியில் அச்சான அட்டைகள் தபால்காரர் பையை நிரப்பும். முதலில் எஸ்.எம்.எஸ். வந்தது, அப்புறம் வாட்ஸ்-அப். அட்டைக்கு இருந்த மவுசு போயே போச்சு!

ஆனால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் மட்டும் அட்டை செய்யும் வேலை ஓயவில்லை. "மிஸ் நாளைக்கு செஞ்சிட்டு வரச் சொன்னாங்க" என்று ராத்திரி எட்டு மணிக்கு வாண்டு வந்து நிற்கும். அம்மாவுக்கு தலைவலி. "இது ஒரு வெட்டி வேலை" என்பார் அப்பா.

வெட்டி வேலை இல்லீங்க, வெட்டுற வேலை!

கத்தரிக்கோல் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மூன்று வயதில் பிள்ளைகள் காகித ஓரத்தை நறுக் நறுக்கென்று கொத்தத்தான் முடியும். நாலு வயதுக்கு மேல் நேர்கோட்டில் வெட்டுவார்கள். வட்டம் வெட்ட ஐந்து, ஆறு வயதாகி விடும். ஒரு கை வெட்டும்போது இன்னொரு கை காகிதத்தை திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு வேலை. பென்சில் பிடிக்க, சட்டை பட்டன் போட, சாதம் பிசைந்து சாப்பிட எல்லாவற்றுக்கும் இதே விரல் பழக்கம்தான் அடிப்படை. இடது கை பிள்ளையா? அதற்கென்றே இடது கை கத்தரிக்கோல் கிடைக்கிறது. "வலது கையில பிடிடா" என்று அதட்ட வேண்டாம்.

அடுத்தது கணக்கு. காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் பாதி பானை வரைந்து வெட்டினால், விரித்ததும் முழுப் பானை! முதல் தடவை பார்க்கும் பிள்ளையின் கண் விரிவதை பார்க்கணுமே! ஆனால் பாதி பேர் மடிப்பு இல்லாத பக்கம் வெட்டி விடுவார்கள். கையில் இரண்டு அரைப்பானை வரும். அழுகை. அப்போது பெரியவர்கள் பிடுங்கி வெட்டிக் கொடுக்காமல், "ஏன் ரெண்டா போச்சு?" என்று கேட்டால் போதும். மடித்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து அதுவே கண்டுபிடித்து விடும். பின்னாளில் 'சமச்சீர்' என்று பள்ளியில் நடத்தும்போது மிரளாது.

பிரச்சினையே பெற்றோரிடம்தான். பரிசு கிடைக்கணும் என்று அம்மாவே உட்கார்ந்து ஜிகினா ஒட்டி முடித்து விடுகிறார். குழந்தை டி.வி. பார்க்கிறது. அட்டை ஜோர்தான், கத்துக்கிட்டது அம்மா!

செலவும் அதிகமில்லை. பழைய கல்யாண பத்திரிகையின் வெற்றுப் பக்கம் அருமையான அட்டை. வெண்டைக்காய் காம்பை நறுக்கி வண்ணத்தில் தொட்டு வைத்தால் பூ. இதழ் பெரும்பாலும் ஐந்து இருக்கும், எண்ணச் சொல்லலாம். பருப்பு, மணி ஒட்டுவதில் மட்டும் உஷார். மூன்று வயதுக்கு குறைந்த தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் மூக்கில் போட்டுக்கொள்ளும். தபாலில் போனால் முத்திரை குத்துகிற குத்தில் பருப்பு நொறுங்கியும் விடும்.

உள்ளே என்ன எழுதுவது? இங்கேதான் விஷயமே. சின்னப் பிள்ளை தனக்குப் பிடித்த காரைத்தான் முதலில் வரையும். "தாத்தாவுக்கு என்னடா பிடிக்கும்?" என்று கேட்டால் யோசிக்கும். வெற்றிலைப் பெட்டி, சைக்கிள், மாடு என்று ஏதாவது சொல்லும். அடுத்தவர் மனசில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்க்க நாலு, ஐந்து வயதில்தான் பழகுகிறார்கள். அதற்கு நல்ல பயிற்சி இது. "அன்புள்ள தாத்தாவுக்கு" என்பதில் இரண்டு எழுத்து தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். 'வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா' என்று பெரியவர்களே இன்னும் சண்டை போடுகிறார்களே!

முகவரி எழுதுவது தனிப்பாடம். 1972 ஆகஸ்டு 15-ல் வந்தது பின்கோடு. ஆறு இலக்கம். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் மூன்று எண்களை வைத்து கடிதங்களை ஊர்வாரியாக பிரிப்பார்கள். கடைசி மூன்று எண் தபால் நிலையத்தை காட்டும். 625001 என்று எழுதினால் மதுரை தலைமை தபால் நிலையத்துக்கு போகும். தாத்தா ஊர் நம்பரை சொல்லிக் கொடுத்தால், பிள்ளை பாட்டு மாதிரி ஒப்பிக்கும்.

தபால் நிலையத்தில் எடை போட்டு ஸ்டாம்ப் ஒட்டி, பெட்டியில் போடுவதை பிள்ளை கையாலேயே போட விடுங்க. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடியே போடுவது நல்லது.

தாத்தா, பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: "வந்து சேர்ந்துச்சுடா கண்ணு" என்று போனில் சொல்லி முடித்து விடாதீர்கள். ஒரு கார்டு வாங்கி நாலு வரி பதில் எழுதிப் போடுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு வாண்டு வாசலுக்கு ஓடி வந்து பார்த்துக் கொண்டிருக்கும்.