தூங்கி எழுந்தும் தீராத அசதி... காரணம் தெரிந்தால் மீண்டு வரலாம்!

‘‘என் கணவருக்கு 46 வயசு ஆகுது. மூணு ஏக்கர்ல நெல்லும் மணிலாவும் வெள்ளாமை செய்றோம். போன வருஷ மழையில மணிலா மொத்தமும் போச்சு. பயிர்க்கடன் அப்படியே நிக்குது. ஆறு மாசமா, காலையில எழுந்திரிக்கும்போதே ‘உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ங்கிறார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்ல. சத்து டானிக் ரெண்டு பாட்டில் குடிச்சும் பிரயோஜனம் இல்ல. என்ன செய்யலாம்?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் மாவட்டம்.

சகோதரி, பயிர் மஞ்சளடித்தால் அனுபவமுள்ள விவசாயி உடனே யூரியாவை அள்ளி வீச மாட்டார். தண்ணீர் தேங்கியிருக்கிறதா, துத்தநாகப் பற்றாக்குறையா, வேரில் பூச்சியா என்று பார்ப்பார். உடம்பின் அசதியும் அப்படித்தான். டானிக் வாங்கும் முன்பு காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் பரிசோதனை

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. மருத்துவர் சொன்னால் தைராய்டு பரிசோதனையும் செய்யலாம். மருந்து அடித்த நாள்களில் தலைவலி, குமட்டல், கண் மங்கல் வந்தால், அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அசதி தொடர்ந்தால், மனச்சுமை காரணமாக இருக்கலாம். ஆபத்து நேரத்தில் உடம்பு அட்ரீனலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும். வயலில் பாம்பைக் கண்டால் துள்ளி விலக வைப்பது அதுதான். பாம்பு போய்விடும், கடன் கவலை மாதக்கணக்கில் கூடவே இருக்கும். உடம்பு இரவிலும் காவல் காக்கிறது. தூக்கம் கெடுகிறது. பகலில் அசதி, அதற்கு டீ, அந்த டீயால் மறுபடி தூக்கம் கெடுகிறது.

‘அட்ரீனல் சுரப்பி களைத்துவிட்டது’ என்று சொல்லி விற்கப்படும் பொடிகளை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். அப்படி ஒரு நோயைச் சுரப்பியியல் மருத்துவர்கள் ஏற்பதில்லை.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

வெறும் டீயோடு வயலுக்குப் போய், மதியம் மூன்று மணிக்குச் சாப்பிடும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும்.

* காலையில் கம்பங்கூழோ, மோர் ஊற்றிய பழைய சோறோ, சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டுக் கிளம்பட்டும். கூடவே ஒரு பிடி வேர்க்கடலை அல்லது சுண்டல்.

* மதியம் பருப்பு, முருங்கைக்கீரை. முடிந்த நாளில் முட்டை அல்லது மீன். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும்.

* சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து வீணாகும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாலை மூன்று மணிக்குமேல் டீ, காபி வேண்டாம்.

* வெயிலில் வேலை செய்யும்போது நீர்மோர் கொடுத்து அனுப்புங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் உப்பைக் குறைக்கவும்.

* குடித்தால் தூக்கம் வரும் என்பார்கள். சீக்கிரம் கண் அசரும். நடு இரவில் விழிப்பு தட்டிவிடும்.

தூக்கமும் சுமையும்

இரவு மின்சாரத்துக்காக எழுந்து மோட்டார் போடுபவர் என்றால், செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் உதவும். இல்லையென்றால் பங்காளியோடு முறை வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே நேரத்தில் எழட்டும். மதியம் அரை மணி நேரம் மரத்தடியில் கண் அயரலாம், அதற்குமேல் வேண்டாம்.

ஒருநாள் இருவரும் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்று நோட்டில் எழுதுங்கள். பேரிடர் என அரசு அறிவித்த பகுதிகளில் பயிர்க்கடன் தவணையை நீட்டிக்க வங்கிகளுக்கு வழி உண்டு. கெடு தாண்டும் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். நோட்டில் எழுதிவிட்டால், மனம் இரவெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான விஷயம். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்பதுபோலப் பேசினால், சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 104, அல்லது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லிகளை உடனே வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

பசுந்தாள் உரம் மடக்கி உழுத மறுநாளே மண் மாறிவிடுவதில்லை. உடம்பும் தேற சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். தேறவில்லை என்றால் மருத்துவரை மீண்டும் பாருங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை, சகோதரி. எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடுவதுதான் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். அவரை அழைத்துப் போகும் அன்றே நீங்களும் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் களைத்திருப்பது அவர் மட்டும்தானா என்பதும் தெரிந்துவிடும்.