எஞ்சினுக்கு ஒரு மங்கு



ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மங்கு என்றால் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய பட்டையிலிருந்து சொட்டும் பாலை ஏந்திக்கொள்ள மரத்தில் கட்டியிருக்கும் சிறு கிண்ணம் அது. நான் ஜோகூரில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். உட்லண்ட்ஸில் குடியிருக்கும் என் அக்காள் மகன் தன் டர்போ காரின் முன்மூடியைத் திறந்து, "மாமா, இதுதான் ஆயில் கேட்ச் கேன்" என்று ஒரு சிறு குப்பியைக் காட்டியபோது, எனக்கு மங்குதான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அதைச் சுற்றி வளையங்கள் இருந்தாலும், எரிந்த வாயுவில் சிறிது அவற்றைத் தாண்டிக் கீழே எண்ணெய் இருக்கும் அறைக்குள் கசியும். டர்போ, காற்றை அழுத்தி உருளைக்குள் திணிப்பதால் கசிவு இன்னும் கூடும். முற்காலத்துக் கார்களில் இவ்வாயுவை ஒரு குழாய் வழியே தெருவில் விட்டுவிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கார்களில், அதை மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு பரவலாக வந்தது. காற்றுக்கு நன்மைதான். ஆனால் வாயுவோடு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து போகிறதே! பெட்ரோலை உருளைக்குள்ளேயே நேராகத் தெளிக்கும் இக்கால எஞ்சின்களில், உள்வால்வுகளைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதில்லை. எண்ணெய் படிந்து, கருகி, கரியாக ஒட்டிக்கொள்கிறது.

இடையில் குப்பியை வைத்தால், வாயு அதனுள் தடுப்புத் தகடுகளிலும் கம்பி வலையிலும் மோதித் திரும்பும். எண்ணெய் துளியாகி அடியில் தங்கும். சேர்வது எண்ணெய் மட்டுமன்று, பால்விட்ட தேநீர் போன்ற கலவை. நம் ஊர் ஈரக்காற்றின் வேலை என்பார்கள் சிலர். அது முழு உண்மையன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு கீழே கசிகிறது. வீட்டிலிருந்து கடைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறாததால் அந்த நீர் வெளியேறாமல் தங்கிவிடுகிறது.

டர்போ எஞ்சினில் வாயு போக இரண்டு வழிகள் உண்டு. மெதுவாக ஓடும்போது பி.சி.வி. வால்வு வழியாக உள்ளிழுப்புக் குழாய்க்குப் போகும். டர்போ அழுத்தம் ஏறியதும் அவ்வால்வு மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சின் தலைமூடியிலிருந்து டர்போவின் வாய்க்குச் செல்லும் மற்றக் குழாய்தான் வழி. எந்தக் குழாயில் குப்பியை வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கவேண்டும். அழுத்தம் திரும்பிப் பாயாதபடி பி.சி.வி. வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

என் மருமகன் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் இரண்டாவது வழியில் குப்பியை மாட்டினார்கள். பழைய குழாயைவிடக் குறுகிய குழாய். போதாக்குறைக்குக் குப்பிக்குள் பஞ்சையும் அடைத்துவிட்டார்கள். இரண்டே மாதத்தில், பாலத்துக்குப் போகும் நெரிசலில் நிற்கையில் பின்னால் நீலப் புகை! டர்போ போய்விட்டது, புதிது வாங்கவேண்டும் என்றார்கள். பத்தாண்டு உரிமைச் சான்றிதழுக்கே பெரும்பணம் கொடுத்து வாங்கிய கார். பையன் முகம் வாடிவிட்டது. உண்மையில் டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டர்போவைக் குளிப்பாட்டிய எண்ணெய், தன் பாரத்தாலேயே கீழ்த்தொட்டிக்கு வடியவேண்டும். வாயு போக வழியின்றித் தொட்டியில் அழுத்தம் ஏறினால், எண்ணெய் வடியாமல் டர்போவின் அடைப்புகளைத் தாண்டிக் கசிந்து எரியும். பஞ்சை எடுத்து, அகலக் குழாய் மாட்டியதும் சில நாளில் புகை நின்றது.

ஆகவே, குழாயின் உள்விட்டம் முன்பிருந்ததைவிடக் குறையக்கூடாது. எண்ணெயும் சூடும் தாங்கும் ரப்பராக இருக்கவேண்டும்; சாதாரணக் குழாய் ஊறி, உறிஞ்சலில் சப்பிப்போகும். தொய்வு விழுந்தால் அங்கே எண்ணெய் தேங்கும். குப்பியை டர்போவின் சூட்டுக்கு அருகில் வைக்காமல், காற்றுப்படும் இடத்தில் இறுக்கமாகப் பொருத்தவேண்டும். வாயுவை வெளியே விடும் திறந்த குப்பி வேண்டவே வேண்டாம். அது வீதிக்கும் கேடு, காற்றை அளந்து எடுக்கும் எஞ்சினின் கணக்கும் குழம்பும். சிங்கப்பூரில் சில மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், சில அடியோடு கூடாது. வாங்குமுன் விசாரித்துக்கொள்வது மலிவு.

முதல் மாதம் வாரந்தோறும் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் காருக்கு எத்தனை நாளில் நிறைகிறது என்று தெரிந்துவிடும். நிரம்பி வழியவிட்டால் அத்தனை எண்ணெயும் ஒரே மடக்கில் எஞ்சினுக்குள் போகும். வடித்ததைத் திரும்ப எஞ்சினில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். உட்லண்ட்ஸுக்குப் பக்கத்திலுள்ள கிராஞ்சியில் 1975இல் கழிமுகத்தை அணைகட்டி நீர்த்தேக்கமாக்கியிருக்கிறார்கள். சுற்றுப்புற வாய்க்கால்களின் நீர் அங்கேதான் போய்ச் சேருகிறது.